நிரந்தரம் எண்டா நிரந்தரம்

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவை லண்டனிலிருந்து துரத்துவது மாமா. அரசாங்கம் அவருக்குப் பிறகுதான்.

மழை. காலையிலிருந்து விடவில்லை. மெல்பர்னில் ஜூலை குளிர்காலம். நகரோரத்து ட்ருகனினா முழுக்கச் சேறு, பாதி கட்டிய வீடுகளின் சேறு. ஹீட்டர் மறுபடி நின்றுவிட்டது. கூட இருக்கும் கவிதா வீட்டுக்காரனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள். பதில் இல்லை. இரண்டு சோடி காலுறையோடு எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு முன்னுக்குப் பின் மாறிவிடுகிறது. லண்டன் வழக்கறிஞரிடம் அப்படிப் பேசினால் அம்மாவுக்குத்தான் நட்டம்.

அம்மாவிடம் இருப்பது டச்சு பாஸ்போர்ட். எனக்கும் அதே. யாழ்ப்பாணத்திலிருந்து ஹொலண்டுக்கு அப்பாவிடம் போனோம். அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டதும் லண்டனுக்கு மாமாவிடம் போனோம். அம்மாவின் அண்ணன். அப்போது ஐரோப்பிய ஒன்றியத்து பாஸ்போர்ட் இருந்தால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறலாம். ஏறினோம். எனக்குப் பதினொரு வயது. வந்த வருடமே அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. போன மாதம்வரை அதே இல்லம்.

இடையில் வாக்கெடுப்பு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனது. எங்களைப் போன்றவர்கள் அங்கேயே இருக்க வேண்டுமானால் புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். கடைசி நாளும் வைத்தார்கள். நான் பஸ்ஸில் நின்றபடி ஃபோனிலேயே பதிந்து முடித்தேன். அம்மா பதியவில்லை. அம்மாவிடம்தான் வதிவிட அட்டை, காட், இருந்ததே. வாக்கெடுப்பு முடிந்த கையோடு மாமாவே உட்கார்ந்து, தலையணை அளவு படிவம் நிரப்பி எடுத்துக் கொடுத்த காட். அதில் 'பெர்மனன்ட்' என்று அச்சடித்திருந்தது.

மாமா சொன்னது, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "நிரந்தரம் எண்டா நிரந்தரம். வெள்ளைக்காரனே அச்சடிச்சுத் தந்திருக்கிறான். பேந்தென்னத்துக்கு இன்னொண்டு?"

நான் அப்போதே அம்மாவைக் கேட்டேன். "அண்ணை பாத்திட்டார். நீ உன்ர படிப்பைப் பார்."

அந்தக் கடைசி நாளோடு காட் செத்துவிட்டது. செத்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

போன மாதம் இல்லம் கைமாறியது. புது நிர்வாகம் வேலைக்காரர் எல்லோரிடமும் ஷேர் கோட் கேட்டது. பதிந்தவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் இலக்கம் அது. அம்மா காட்டை நீட்டினார். அலுவலகத்துப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டாளாம். அத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அன்றே வேலை நின்றது.

வழக்கறிஞர் சொல்வது: தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்கு ஏற்கக்கூடிய காரணம் வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்பது காரணம் அல்ல. 'படிவம் நிரப்பித் தந்தவர் வேண்டாம் என்றார், நம்பினேன்' என்பது காரணமாகலாம். ஆனால் அந்த ஆள் வாயைத் திறந்து, ஓம், நான்தான் சொன்னேன் என்று சாட்சி சொன்னால்தான் அது எடுபடும்.

அந்த ஆள் இப்போது லண்டனில் இல்லை. விலக வாக்களித்துப் பிரிட்டனின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மாமிக்குக் கிடைத்த நேர்ஸ் விசாவில் மெல்பர்ன் வந்துவிட்டார். கடைசி நாள் நெருங்கிய மாதங்களில் அம்மாவுக்கு ஆலோசனை எல்லாம் இங்கிருந்து ஃபோனில்தான். எதையும் எழுத மாட்டார். "எழுதினா மாட்டும்" என்பது அவருடைய கொள்கை.

இன்று அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"மாமா, அம்மான்ர விசயம்."

"ஓம் ஓம், கேள்விப்பட்டனான். பாப்பம்."

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. லோயரோட வீடியோவில கொஞ்ச நேரம் கதைச்சா போதும்."

"சனிக்கிழமை சாப்பிட வா பிள்ளை. ஆட்டிறைச்சி எடுக்கிறன்."

ஆட்டிறைச்சி.


ஜூலை 7, திங்கள்

குளிர். வேர்ஹவுஸ் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. விரல் மரத்து ஸ்கேனர் பிடிக்க முடியவில்லை. பொரிக்கும் சட்டிகள், பொரிக்கும் சட்டிகள், மறுபடி பொரிக்கும் சட்டிகள். இந்த நாட்டில் எல்லோரும் எதையோ பொரிக்கிறார்கள்.

என் விசாவுக்கு வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசா என்று பெயர். விடுமுறையை இன்னும் காணவில்லை.

சாப்பாட்டு மேசையில் கெவின். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், இங்கிலாந்துக்காரர். ஒன்றியத்தை விட்டுப் போகச் சொல்லி வாக்களித்துவிட்டு, அடுத்த வருடமே மனைவி பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா வந்தவர். இதில் ஏதாவது இடிக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நான் இன்று கேட்டேன்.

"இங்கிலாந்து நிறைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில் இடமில்லை, பள்ளிக்கூடத்தில் இடமில்லை" என்றார், சாண்ட்விச்சைக் கடித்தபடி.

"என் அம்மாவும் அப்படி வந்து நிறைச்சவதான்."

சங்கடப்பட்டார். உண்மையாகவே. காது சிவந்தது. "நான் உங்களைச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவை எல்லாம் சொல்லவே இல்லை. உழைக்கிற ஆட்கள் வேறு."

பிறகு தன் பிஸ்கட்டில் ஒன்றை என் பக்கம் தள்ளினார். எடுத்துத் தின்றேன். பசி.

அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அந்நியர் வாக்களித்தார், அந்நியருக்கு நடக்கும் என்று நினைத்தார். மாமா யாருக்கு நடக்கும் என்று நினைத்தார்?


ஜூலை 9, புதன்

வெயில் மாதிரி ஏதோ ஒன்று. துணி துவைத்தேன். காயவில்லை.

அம்மா எடுத்தார். அங்கே காலை, இங்கே வேலை முடிந்து பஸ்ஸில் நான். வேலை இல்லாமல் வீட்டில் என்ன செய்கிறார்? ஃப்ரிட்ஜைக் கழுவினாராம். நேற்றும் கழுவினாராம். பன்னிரண்டாம் அறைக் கிழவிக்குத் தான் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது என்று கவலை. "வேற ஆக்கள் கரண்டியை வாய்க்குள்ள குத்துவினம். அந்த மனுசிக்கு மெதுவாக் குடுக்க வேணும்." தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வாக்கெடுப்பு நேரம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

மாமாவின் பெற்றோல் செட். மாமா அங்கே மனேஜர். இரவுக்கு நிற்பவர்கள் எல்லாம் புதிதாக ஊரிலிருந்து வந்த மாணவர்கள், இலங்கை பாஸ்போர்ட். கொமன்வெல்த் ஆட்கள் என்பதால் அவர்களுக்கு வாக்கு உண்டு. அம்மா ஆறு வருடம் வரி கட்டியிருந்தார். ஒன்றியத்து பாஸ்போர்ட், அதனால் வாக்கு இல்லை. இதை யாருக்குச் சொன்னாலும் நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அம்மா இலங்கைப் பிரஜையாகவே இருந்திருந்தால் தன் தலைவிதியில் தானும் வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி போட்டிருக்கலாம்.

மாமா அந்தப் பெடியளை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொத்துரொட்டி போட்டார். ஐரோப்பாக்காரரை நிப்பாட்டினால் அந்த இடம் எங்கட ஆட்களுக்கு என்று விளக்கம். "நாளைக்கு உன்ர தம்பியை எடுக்கலாம். உன்ர மச்சானை எடுக்கலாம். போலந்துக்காரனுக்கு ஏன்ரா இவ்வளவு இடம்?" அதோடு நிறுத்தவில்லை. "எங்கட சனத்திலயும் தான். பிரான்ஸ்காரர், ஜேர்மன்காரர், ஹொலண்ட்காரர் எண்டு வந்து இறங்குகினம். பாண் வாங்கவும் இங்கிலீஸ் தெரியாது. வந்து நிண்டு எங்கட பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில இடம் பிடிக்கினம்."

அம்மா அப்போது குசினியில் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டோடு வந்து வாசலில் நின்றார். ஹொலண்ட்காரி. எல்லோரும் பார்த்தார்கள். மாமா சிரித்தார்.

"நீ எங்கட ஆள். உன்னைச் சொல்லேல்லை."

அம்மாவும் சிரித்தார். தேத்தண்ணி கொடுத்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வாக்கு இல்லை, எனக்கு வயதும் இல்லை.

அந்த மாணவர்களில் ஒருவருடைய தம்பிக்காவது விசா கிடைத்ததா? விசாரிக்க வேண்டும். வேண்டாம். விசாரித்து என்ன?

பால், வெங்காயம், பஸ் காட் நிரப்ப.


ஜூலை 12, சனி

கிளென் வேவர்லி. பஸ், நகருக்கு ஒரு ரயில், நகரிலிருந்து பாதை முடியும்வரை இன்னொரு ரயில். ஈரக் காலணி.

மாமாவின் வீடு பெரிய பள்ளிக்கூடத்தின் ஸோனுக்குள். கோடு அவருடைய தெருவின் நடுவால் போகிறது. எதிர்ப்பக்க வீடுகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைச் சொல்லிவிட்டார், போன தடவையும் சொன்னது மறந்து. எதிர்ப்பக்கத்துச் சீனக் குடும்பம் இந்தப் பக்கத்து விலாசம் ஒன்றைப் பொய்யாகக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்த்துவிட்டதாம். முறைப்பாடு போட யோசிக்கிறாராம்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் நேர்மை இல்லை. மாமி என் தட்டில் இறைச்சியை எலும்போடு பார்த்துப் பார்த்துப் போட்டார்.

மாமா: "உங்க ட்ருகனினாப் பக்கம் முழுக்க இந்தியர் எண்டு கேள்வி. றோட்டில இடம் காணாதாம். எனக்கு ஒருத்தரிலயும் வெறுப்பில்லை, ஆனா கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டத்தான் வேணும்."

தர்ஷி, அவருடைய மகள், எனக்கு மச்சாள், தலையை நிமிர்த்தாமல்: "டாட். யூ ஆர் லிட்ரலி அன் இமிக்ரண்ட்."

"நான் சட்டப்படி வந்தனான்."

"அம்மாவும் சட்டப்படிதான் வந்தவ" என்றேன்.

மாமி கரண்டியை வைத்துவிட்டார்.

"மாமா, லோயர் செவ்வாய்க்கிழமை காலமை ஃப்ரீ. இஞ்சத்தை பின்னேரம். நீங்கள் சொன்னதைச் சொன்னா சரி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"நான் என்ன சொன்னனான்?"

இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் சோறு.

"பதியத் தேவையில்லை எண்டு."

"நான் கதைச்சனான். அண்ணன் தங்கச்சி கதைக்கிறதில்லையோ? அட்வைஸ் குடுக்கேல்லை. கதைக்கிறது வேற, அட்வைஸ் வேற."

"படிவம் நிரப்பினது கதைக்கிறதோ?"

"பிள்ளை, உனக்கு விளங்கேல்லை. அங்க லைசன்ஸ் இல்லாமல் விசா அட்வைஸ் குடுத்தா குற்றம். உள்ளுக்குப் போடுவான். நான் வாயைத் திறந்தா கொம்மாவுக்கு விசா வருதோ இல்லையோ, எனக்குக் கேஸ் வரும். அதுக்குப் பிறகு லண்டன் ஏர்போட்டில கால் வைக்கேலாது. இஞ்சத்தை சிற்றிசன் அப்ளிகேசனும் போட்டுக் கிடக்கு."

"அம்மாவுக்கு இப்பவே ஒண்டும் இல்லை."

"கொம்மாக்கு ஹொலண்ட் இருக்கு. நல்ல நாடு. சைக்கிள் ஓடலாம்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஆறுதல் சொல்கிறார். அதுதான் பயங்கரம்.

மாமி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார், பாத்திரம் கழுவ என்று. தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, மெதுவாக:

"அவரை நெருக்காத பிள்ளை. நித்திரை இல்லை அந்த மனுசனுக்கு."

"ஏன், மனச்சாட்சியோ?"

"கொம்மா மட்டுமெண்டா சொல்லியிருப்பார். கொம்மா மட்டுமில்லை."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த நேரம் சனம் அவரிட்டத்தானே வந்தது. பிரான்சில இருந்து வந்த சனம், ஜேர்மனியால வந்த சனம். காட் எடுத்துக் குடுத்தவர். எல்லாரிட்டயும் அதே கதைதான் சொன்னவர், நிரந்தரம் எண்டா நிரந்தரம் எண்டு. இப்ப ஒவ்வொருத்தரா எடுக்கினம். போன கிழமை லண்டன் ஈஸ்ட்ஹாமில இருந்து ஒரு அன்ரி எடுத்து அழுதவ. வீட்டுக்காரன் எழும்பச் சொல்லிட்டானாம்."

"யார் அவ?"

"பேர் தெரியாது. அவர் நம்பரை புளொக் பண்ணிட்டார்."

தட்டைத் துடைத்து அடுக்கினேன். மாமி கண்ணாடிக் கோப்பைகளை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது மாமா வாசலில். "போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ" என்றார். ஈரக் காலணியை மாட்டிக்கொண்டு வந்தேன்.


ஜூலை 13, ஞாயிறு

மேகம். ஹீட்டர் இன்னும் இல்லை.

கவிதாவிடம் எல்லாம் சொன்னேன். ஈரோட்டுக்காரி, கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணுகிறாள், வாயில் நிற்பது எதுவும் இல்லை.

"எங்க ஊர்ல தாய்மாமன்னா சீர் செய்யணும் மயூ. உங்க மாமாவும் நல்லா சீரா செஞ்சிருக்காரு."

சிரித்துவிட்டேன். பிறகு இருவரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். பிறகு அழுகை மாதிரி வந்தது, அதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது.

"நேரா கம்ப்ளைன்ட் பண்ணிடு. அங்க அதுக்குன்னு ஆஃபீஸ் இருக்கும்ல?"

"அம்மா என்னைக் கொண்டுபோடுவா."

"கொன்னுட்டா அப்புறம் விசாவே தேவையில்ல, போ."

சாமத்தியவீட்டுக்கு, நான் பெரியபிள்ளையான சடங்குக்கு, எனக்குத் தண்ணி வார்த்தது மாமா. லண்டனில் ஒரு மண்டபம் எடுத்து, பச்சைச் சட்டை போட்ட மணவறைக்காரன், புகைமெஷின், எல்லாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. குடத்தைத் தூக்கும்போது மாமா மட்டும், "கண்ணை மூடு, குளிரும்" என்று காதில் சொன்னார். மற்ற எல்லோரும் கமராவைப் பார்த்தார்கள்.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை. இதைக் கோடு போட்டு அடிப்பதா, விடுவதா. இருக்கட்டும்.


ஜூலை 15, செவ்வாய்

காலை பனிமூட்டம், எதிரே வரும் பஸ் தெரியவில்லை. வேலைக்குப் பிந்தினேன். எச்சரிக்கை.

மாமா வீடியோவுக்கு வரவில்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அம்மா.

"நான் லோயரிட்டச் சொல்லிட்டன் பிள்ளை."

"என்னெண்டு?"

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு எண்டு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை எண்டு."

பஸ்ஸில் நின்றுகொண்டு கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மா, அது ஒண்டைத்தான் சொல்லக்கூடாது எண்டு அவ சொன்னவ! தெரியாது எண்டது காரணமில்லை!"

"கத்தாத. அவர் என்ர அண்ணன். அவரை மாட்டிவிட்டு நான் அங்க குந்தியிருக்கிறதோ?"

"அவர் உங்களை மாட்டிவிட்டுத்தானே இஞ்ச குந்தியிருக்கிறார்."

"கொப்பர் விட்டிட்டுப் போனாப் பிறகு ஆர் எங்களைக் கூப்பிட்டது? ஸ்டேசனில ரெண்டு கோட் வாங்கிக்கொண்டு வந்து நிண்டது ஆர்? உனக்கு அளவு பெரிசெண்டு கை மடிச்சு விட்டது ஆர்?"

உண்மை. நீலக் கோட். கையை மூன்று தரம் மடித்தார். உண்மையாக இருப்பதால்தான் அம்மாவோடு வாதாட முடியவில்லை.

"அந்தக் கோட்டுக்காக நீங்கள் நாட்டை விட்டுப் போறதோ?"

"போறதெண்டாப் போறன். டச் பாஸ்போட்காரி டச் நாட்டில இருந்தா என்ன குறை?"

"உங்களுக்கு டச் தெரியுமோ?"

"கூடமோர்கன் தெரியும்."

"குட் மோர்னிங். அவ்வளவுதானே."

"காலமையில சொன்னா காணும். பின்னேரம் வீட்டுக்குள்ள இருப்பன்."

பகிடி விடுகிறார். ஐம்பத்தெட்டு வயது. அங்கே தெரிந்த ஒரே ஆள் அப்பா, அவருடைய வீட்டு வாசலில் வேறு ஒருத்தியின் செருப்பு. வழியில் வாழ்ந்த நாடு ஒன்றுக்கு, வீட்டுக்குப் போவதுபோலப் போகச் சொல்கிறார்கள். எல்லோரும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்குச் சொந்தக்காரி எந்த மொழியில் மீன் வாங்குவாள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

அழைப்பை நான்தான் வெட்டினேன். இறங்க வேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. இரண்டு தரிப்பு திரும்பி நடந்தேன், லொறிகளுக்குப் பக்கத்தால்.


ஜூலை 17, வியாழன்

காற்று. குப்பைத் தொட்டிகள் எல்லாம் தெருவில் படுத்திருந்தன.

வழக்கறிஞரோடு நானே பேசினேன். பஞ்சாபிப் பெண், வேகமாகப் பேசுகிறார், மூக்கடைப்பு. திங்கட்கிழமை விண்ணப்பம் போக வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் அந்த இழுப்புக்கும் காரணம் கேட்பார்கள். அம்மா சொன்னதை அப்படியே அனுப்பினால்? "அனுப்பலாம். நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்."

ஈஸ்ட்ஹாம் அன்ரியைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் தட்டச்சு நின்றது.

அதே ஆள் அதே வார்த்தையை இன்னொருவருக்கும் சொல்லியிருந்தால், அந்த இன்னொருவர் வந்து சொன்னாலே போதுமாம். மாமா வாயைத் திறக்கத் தேவையில்லை. அம்மா சொல்வது பொய்க் கதை அல்ல, அதை ஒரு சனமே நம்பியது என்று காட்டலாமாம். அந்த அன்ரிக்கும் அது உதவும். இரண்டு பேர் என்றால் ஒருவரை ஒருவர் தாங்கலாம். "அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். இருக்கிறதா?"

இல்லை. ஒரு ஃபோனில் இருக்கிறது. புளொக் பண்ணிய பட்டியலில்.

அப்படி அவர் வந்தால் நீங்களும் நடந்ததைச் சொல்வீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அரை மணித்தியாலம் பிடித்தது. முடிவில்: "அந்த மனுசி தானா வந்து அண்ணைன்ர பேரைச் சொன்னா நான் என்ன செய்யிறது. வாயைப் பொத்தேலுமோ. அப்ப நானும் நடந்ததைச் சொல்லுறன்."

என் அம்மா ஒரு வழக்கறிஞராக வந்திருக்க வேண்டியவர்.

மாமிக்கு எடுத்தேன். மாமாவின் ஃபோனைத் தான் தொடுவதில்லை என்றார். தொட்டால் கண்டுபிடித்துவிடுவாராம். தர்ஷிக்கு மெசேஜ் போட்டேன். ஒரு முக இமோஜி அனுப்பினாள், கண்ணீரோடு. அவ்வளவுதான். குற்றம் சொல்ல மாட்டேன், பரீட்சை வருகிறது.

ஆகவே சனிக்கிழமை மறுபடி.


ஜூலை 19, சனி

வெயில், மெல்பர்னில் நம்ப முடியாத வெயில். கிளென் வேவர்லி ஸ்டேஷன் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். ரயில் வந்து நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஏறவில்லை.

மாமா வாசலில் காரின் உட்பக்கத்தை வாக்குவம் கிளீனரால் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை. தலையை ஆட்டினார், உள்ளே போ, மாமி நிற்கிறா என்பதுபோல.

நான் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்ன பிள்ளை இது?"

"மாமா, நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சாட்சி வேண்டாம். வீடியோ வேண்டாம். ஈஸ்ட்ஹாம் அன்ரின்ர பேரும் நம்பரும் தாங்கோ."

முகம் மாறியது. மாமியைத் தேடி வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"எந்த அன்ரி?"

"நீங்கள் புளொக் பண்ணின அன்ரி."

"எனக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"அவவுக்கும் வீடு போகுது, அம்மாவுக்கும் போகுது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு வழி இருக்கு. நீங்கள் உங்கட பாட்டில காரைக் கழுவுங்கோ."

காரின் கூரையில் கை வைத்து நின்றார். முடி நன்றாக நரைத்துவிட்டது, காதோரம் சாயம் விட்டுப்போய் இரண்டு நிறம். ஒரு கணம், சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார்.

"நான் கெடுதல் நினைச்சுச் சொல்லேல்லை. அந்தக் காட்டில அப்பிடித்தானே எழுதிக் கிடந்தது. நீயே வாசிச்சனி."

"வாசிச்சனான்."

"ஒரு நாடு அப்பிடி எழுதித் தந்திட்டுப் பேந்து இல்லை எண்டுமெண்டு ஆர் கண்டது?"

"நீங்கள்தானே அதுக்கு வாக்குப் போட்டனீங்கள்."

எதிர்வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திப் பார்த்தார். மாமா அவருக்குக் கையசைத்தார். சிரித்துக்கொண்டே. பிறகு என்னிடம், அதே சிரிப்போடு, பல்லிடுக்கால்:

"றோட்டில நிண்டு கதைக்காத."

"அப்ப பேரைச் சொல்லுங்கோ. போயிடுறன்."

வயரைத் தரையிலிருந்து எடுத்தார். பிளக்கைச் சுவரில் செருகினார். இரைச்சல். குனிந்து, பின் இருக்கைக்குக் கீழே, மிக அக்கறையாக, மூலை மூலையாக இழுத்தார். நான் அங்கேயே நின்றேன். முன் இருக்கைக்கு வந்தார். டிக்கியைத் திறந்தார். டிக்கி ஏற்கெனவே சுத்தம். அதையும் இழுத்தார். மாமி சாளரத் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு விட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலால் எதையும் கத்த முடியவில்லை. கத்தினால் தெருவுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது.

நடந்து வந்துவிட்டேன்.

ரயில் போய்விட்டது. அடுத்தது வரும்.

வாட்ஸப்பில் எழுதினேன், அவருடைய கொள்கைக்கு எதிராக, எழுத்தில்: திங்கட்கிழமை விண்ணப்பம் போகுது. ஈஸ்ட்ஹாம் அன்ரியின் பெயர் வேண்டும்.

இரண்டு குறி. நீலம். பார்த்துவிட்டார். 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

மறுபடி அனுப்பினேன்.

மாமா, அவவின்ர பேர் என்ன?